329-ஆ, 304-ஆ?

போன மாதம் வேறொரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, "சில குழந்தைகளுக்குப் பட்டினி கிடப்பதுதான் நோய்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. ஒரு தாய் தன் மகளின் மரபணு அறிக்கையின் அசலையே உறையில் போட்டு அனுப்பிவிட்டார். ஆகவே இந்த மாதம் பக்கம் முழுக்க அந்த ஒரு நோய்தான்: பட்டினி நேரத்தில் உடம்பு கொழுப்பை முழுதாக எரிக்க முடியாத 'எம்கேட்' குறை. சர்க்கரை, தைராய்டு என்று எழுதியவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் டாக்டர் இல்லை. மருத்துவமனையின் உயிர்வேதியியல் ஆய்வகத்தில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ரத்தமும் சிறுநீரும் என்ன பேசுகின்றன என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். மருந்தும் அளவும் உங்கள் டாக்டர் சொல்வதுதான்.

கேள்வி: அம்மா, என் மகளுக்கு 14 மாதம். பிறந்த மூன்றாம் நாள் குதிகாலில் எடுத்த ரத்தத்தில் ஏதோ கூடுதலாக இருக்கிறது என்றார்கள். பிறகு மரபணுப் பரிசோதனை செய்தோம். அந்த அறிக்கையில் "ஏசிஏடிஎம் மரபணு, சி.985ஏ>ஜி, பி.லைஸ்329குளூ, ஹோமோசைகஸ்" என்று இருக்கிறது. சிறப்பு மருத்துவர் கொடுத்த கடிதத்திலோ "கே304ஈ" என்று இருக்கிறது. 329, 304 என்று இரண்டு இடத்தில் குறையா? அல்லது யாராவது தப்பாக எழுதிவிட்டார்களா? கேட்கவும் பயமாக இருக்கிறது. இரண்டு வாரமாக எனக்குத் தூக்கமில்லை.
– பெயர் வேண்டாம் என்ற தாய்

பதில்: முதலில் தூங்குங்கள். குறை ஒன்றுதான். யாரும் தப்பாக எழுதவில்லை. இரண்டு பேர் இரண்டு இடத்திலிருந்து எண்ணியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

329இலிருந்து 304ஐக் கழியுங்கள். 25 வருகிறது அல்லவா? அந்த 25இல்தான் விஷயம் இருக்கிறது. உங்கள் மகளின் அறிக்கையில் உள்ள மரபணு ஒரு என்சைமைச் செய்யச் சொல்லித் தரும் குறிப்பு. என்சைமின் முழுப்பெயர் 'மீடியம் செயின் அசைல் கோஏ டிஹைட்ரஜனேஸ்'. ஆய்வகத்தில் நாங்கள் 'எம்கேட்' என்று சுருக்கிவிடுவோம். நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன். செல்லுக்குள் முதலில் உருவாகும்போது அது 421 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. ஆனால் அது வேலை பார்க்க வேண்டிய இடம் மைட்டோகாண்ட்ரியா, செல்லுக்குள் சக்தி உண்டாக்கும் அறை. அங்கே போய்ச் சேருவதற்காக முன்னால் 25 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டு ஒட்டியிருக்கிறது, பார்சலில் ஒட்டிய முகவரிச் சீட்டு மாதிரி. உள்ளே போனதும் அந்தச் சீட்டு வெட்டப்பட்டுவிடும். மிச்சம் 396.

இந்தக் குறையை 1990இல் கண்டறிந்தவர்கள் சீட்டு போன பிறகு உள்ள சங்கிலியை எண்ணினார்கள், 304 வந்தது. பிற்பாடு, எந்தப் புரதமானாலும் முதல் அமினோ அமிலத்திலிருந்தே எண்ண வேண்டும் என்று பொது விதி வந்தது, 329 ஆனது. பழைய பழக்கம் விடவில்லை. சிறப்பு மருத்துவர் பழைய காலத்து ஆளாக இருப்பார், என்னைப் போல.

985 எங்கிருந்து வந்தது என்பதையும் பார்த்துவிடலாம். டிஎன்ஏவில் ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும் மூன்று எழுத்து. 328 அமினோ அமிலங்களுக்கு 328 × 3 = 984 எழுத்து. அடுத்த எழுத்து 985, அதாவது 329ஆவது அமினோ அமிலத்தின் முதல் எழுத்து. அங்கே ஏ-ஏ-ஏ என்று இருக்க வேண்டும், அது லைசின். உங்கள் மகளுக்கு முதல் ஏ மட்டும் ஜி ஆகிவிட்டது. ஜி-ஏ-ஏ என்றால் குளூட்டாமிக் அமிலம். 'கே' என்பது லைசினின் ஓரெழுத்துக் குறி ('எல்' லூசினுக்குப் போய்விட்டதால் லைசினுக்குக் கிடைத்தது கே). 'ஈ' குளூட்டாமிக் அமிலத்துடையது. ஆக 'லைஸ்329குளூ'வும் 'கே304ஈ'யும் ஒரே ஆளின் இரண்டு பெயர்.

ஹோமோசைகஸ் என்றால் அப்பாவிடமிருந்து வந்த பிரதி, அம்மாவிடமிருந்து வந்த பிரதி இரண்டிலுமே இதே மாற்றம் இருக்கிறது என்று பொருள். இரண்டு வேறு நோய் என்று பொருளில்லை.

கேள்வி: உயிர்வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எம்கேட் என்சைமில் இந்த லைசின் செயல்படும் மையத்திலிருந்து தள்ளி இருக்கிறது என்று படித்தேன். வினை நடக்கும் இடம் நன்றாகத்தானே இருக்கிறது? 400 பேரில் எங்கோ மூலையில் ஒருவர் மாறியதற்கு என்சைமே படுத்துவிடுமா?
– ஒரு மாணவர்

பதில்: உருப்படியான கேள்வி. நானும் ரொம்ப நாள் இதைத் தவறாகத்தான் புரிந்துவைத்திருந்தேன். மாற்றம் என்றாலே 'வினை நடக்கவில்லை' என்றுதான் பாடத்தில் எங்களுக்குச் சொன்னார்கள்.

வீட்டில் கத்தரிக்கோல் இருந்தால் கையில் எடுங்கள். இரண்டு அலகும் கூராகவே இருக்கட்டும். நடுவில் இருக்கும் திருகாணியை மட்டும் கழற்றுங்கள். இனி வெட்ட முடியுமா? கூர்மையில் குறையில்லை, பிடிப்பில்தான் குறை. கே304ஈ அந்த ரகம்.

எம்கேட் தனியாளாக வேலை செய்வதில்லை. ஒரே மாதிரி நான்கு சங்கிலிகள் சேர்ந்து ஒரு கூட்டு. ஒவ்வொன்றின் மடியிலும் எஃப்ஏடி என்று, வினைக்குக் கைகொடுக்கும் ஒரு சின்ன மூலக்கூறு உட்கார்ந்திருக்கும். 1993இல் ஜங்-ஜா கிம் குழுவினர் பன்றிக் கல்லீரலிலிருந்து எடுத்த எம்கேட்டின் முப்பரிமாண அமைப்பை வெளியிட்டபோது இது கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தது. சங்கிலி மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழையும்போது நூல் மாதிரி விரிந்த நிலையில்தான் நுழைகிறது. உள்ளே போன பிறகு சரியாக மடிய வேண்டும், மடிந்த நான்கு பேர் சேர வேண்டும். மடிவதற்குக் கைகொடுக்க எச்எஸ்பி60 என்று ஒரு துணைப் புரதம் இருக்கிறது.

இப்போது லைசினைப் பாருங்கள். அதன் பக்கக்கிளையின் நுனியில் நேர் மின்னூட்டம். குளூட்டாமிக் அமிலத்தின் நுனியில் எதிர் மின்னூட்டம். நேர் இருந்த இடம் காலியானால்கூட ஓரளவு சமாளிக்கலாம். இங்கே நேருக்குப் பதில் எதிரே வந்து உட்கார்ந்துவிட்டது. அக்கம்பக்கத்தில் இழுக்க வேண்டியதைத் தள்ளுகிறது, தள்ள வேண்டியதை இழுக்கிறது. விளைவு, சங்கிலி மடிவதில் தடுமாறுகிறது. எச்எஸ்பி60ஐ விட்டு நகராமல் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. நான்கு பேர் சேரும் கட்டம் வரை வருவது கொஞ்சம்தான். சேராத மிச்சத்தைச் செல்லின் துப்புரவு என்சைம்கள் சிதைத்துவிடும்.

இதை நிரூபித்த விதம்தான் எனக்குப் பிடித்தது. டென்மார்க்கின் ஆர்ஹுஸில் பீட்டர் பிராஸ், நீல்ஸ் கிரெகர்சன் குழுவினர் இந்தக் குறையுள்ள மனித எம்கேட்டை ஈ.கோலி பாக்டீரியாவுக்குள் உருவாக்கினார்கள். செயல்பாடு அற்பமாக இருந்தது. பிறகு அதே பாக்டீரியாவில் மடிப்புக்கு உதவும் துணைப் புரதங்களை (பாக்டீரியாவில் அவற்றுக்கு குரோஈஎல், குரோஈஎஸ் என்று பெயர்) அதிகமாக உண்டாக்கிவிட்டார்கள். வேலை செய்யும் எம்கேட் கூடியது! முழுதாக இல்லை, ஓரளவு. வினை மையமே கெட்டிருந்தால் எத்தனை பேர் கைகொடுத்தும் அது நடந்திருக்காது. அப்படித் தேறி வந்த என்சைமும் சூடு தாங்காது. சாதாரண எம்கேட் நிலைத்து நிற்கும் வெப்பத்தில் இது குலைந்துபோகும்.

சூடு என்றதும் உங்களுக்குக் காய்ச்சல் நினைவுக்கு வருகிறதா? இந்தக் குழந்தைகள் பெரும்பாலும் காய்ச்சலின்போதுதான் விழுகிறார்கள். அதற்குச் சூட்டைவிடப் பெரிய காரணம், காய்ச்சலில் சாப்பிடாமல் இருப்பது.

கேள்வி: கொழுப்பை எரிக்கும் என்சைம் என்கிறீர்கள். அது கெட்டால் ஏன் சர்க்கரை இறங்குகிறது? கொழுப்பு வேறு, சர்க்கரை வேறு இல்லையா?

பதில்: வேறுதான். ஆனால் ஒரே வீட்டில் குடியிருக்கும் வேறு.

சாப்பிட்ட சில மணி நேரத்துக்குக் கல்லீரல் சேமித்துவைத்த குளுக்கோஸை எடுத்துக் கொடுத்துச் சமாளிக்கும். குழந்தையின் கல்லீரல் சின்னது, சேமிப்பும் சின்னது. அது தீர்ந்ததும் உடம்பு கொழுப்புக்கு மாறும். தசையும் இதயமும் கொழுப்பு அமிலத்தை நேரடியாக எரிக்கும். மூளைக்கு அது ஒத்துவராது, அதற்குக் கீட்டோன் வேண்டும். கொழுப்பை உடைத்துக் கல்லீரல்தான் அதைச் செய்து கொடுக்க வேண்டும். புதிதாகக் குளுக்கோஸ் செய்யவும் கல்லீரலுக்குக் கொழுப்பு எரிந்த சக்தி தேவை. ஆக, கொழுப்பு உடையாவிட்டால் கீட்டோனும் வராது, புதிய குளுக்கோஸும் வராது. இருக்கிற குளுக்கோஸை எல்லாரும் பங்கு கேட்பார்கள். மூளை பட்டினி.

கொழுப்பு எப்படி உடைகிறது என்பதைக் கண்டுபிடித்த கதை நூறு வருடத்துக்கு மேல் பழசு. 1904இல் ஃபிரான்ஸ் க்னூப் என்ற ஜெர்மானியர் கொழுப்பு அமிலத்தின் வால் நுனியில் ஒரு பென்சீன் வளையத்தை ஒட்டி நாய்களுக்குக் கொடுத்தார். வளையத்தை உடம்பால் உடைக்க முடியாது, அதனால் அது சிறுநீரில் வந்தாக வேண்டும். சங்கிலியில் கார்பன் ஒற்றைப்படையாக இருந்தால் கடைசியில் மிஞ்சியது பென்சாயிக் அமிலம். இரட்டைப்படையாக இருந்தால் ஃபீனைல் அசிட்டிக் அமிலம். சங்கிலி இரண்டிரண்டு கார்பனாகத்தான் வெட்டப்படுகிறது என்று புரிந்தது. கதிரியக்கம், கணினி எதுவும் இல்லை. நாயின் சிறுநீர் மட்டும்.

அந்த இரண்டிரண்டாக வெட்டும் வேலையில், சங்கிலியின் நீளத்தைப் பொறுத்து வெவ்வேறு என்சைம்கள் முதல் அடி எடுத்துவைக்கின்றன. 16, 18 கார்பன் சங்கிலியை நீளக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஏறத்தாழ 12இலிருந்து 6 வரை எம்கேட்டின் பொறுப்பு. அது இல்லையென்றால் பாதி வழி வரை வெட்டு நடக்கும், பிறகு நின்றுபோகும். முக்கியமாக 8 கார்பனில் தேங்கும். தேங்கியது, கொழுப்பு அமிலங்களைச் சுமந்து செல்லும் கார்னிடினோடு சேர்ந்து ரத்தத்துக்கு வருகிறது. குதிகால் ரத்தச் சொட்டில் நிறைநிறமாலைக் கருவி (மூலக்கூறுகளை எடைபோட்டு அடையாளம் காணும் கருவி) பார்ப்பது அதைத்தான். அறிக்கையில் 'சி8' என்று இருந்தால் அதுவேதான், எட்டு கார்பன்.

ஒரு எச்சரிக்கை: பிறந்த முதல் சில நாட்களில் சி8 உச்சத்தில் இருக்கும், பிறகு இறங்கும். இறங்கிய எண்ணைப் பார்த்து "சரியாகிவிட்டது" என்று யாரும் முடிவு கட்டக் கூடாது.

கேள்வி: என் மகனுக்கு இரண்டரை வயது, எம்கேட் குறை உண்டு. வீட்டில் குளுக்கோமீட்டர் வாங்கிவைத்திருக்கிறேன். காய்ச்சல், வாந்தி வரும்போது மணிக்கொருமுறை குத்திப் பார்க்கிறேன். எண் நன்றாக இருந்தால் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமா? ராத்திரி எத்தனை மணி நேரம் சாப்பிடாமல் தூங்கவிடலாம்?
– ஒரு தந்தை

பதில்: வைத்துக்கொள்ளக் கூடாது. குளுக்கோமீட்டரை அலமாரியில் வையுங்கள்.

கோபமாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். இந்த நோயில் சர்க்கரை இறங்குவது கடைசிக் கட்டம். அதற்கு முன்பே, எண் நன்றாக இருக்கும்போதே, குழந்தை சோர்ந்து, கூப்பிட்டால் மெதுவாகத் திரும்பி, வாந்தி எடுத்துக் கொண்டிருக்கும். தேங்கிய கொழுப்புத் துண்டுகள் கல்லீரலையும் மூளையையும் தொந்தரவு செய்ய ஆரம்பித்திருக்கும். மீட்டர் 90 காட்டுகிறதே என்று நீங்கள் காத்திருக்கும் இரண்டு மணி நேரம் மிகவும் விலையுயர்ந்தது. குழந்தையைப் பாருங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். உங்கள் டாக்டர் சொல்லிக் கொடுத்த அளவில் குளுக்கோஸ் பானத்தைக் கொடுங்கள். குடிக்க மறுத்தாலோ, குடித்ததை வாந்தி எடுத்தாலோ, தூங்கி வழிந்தாலோ உடனே மருத்துவமனை. அங்கே நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்றுவார்கள். வழக்கமாக 10 சதவீதக் கரைசல். "ரத்தப் பரிசோதனை வரட்டும், பிறகு பார்க்கலாம்" என்று புதிய டாக்டர் யாராவது சொன்னால் சிறப்பு மருத்துவரின் அவசரக் கடிதத்தை நீட்டுங்கள். அந்தக் கடிதம் எப்போதும் பையில் இருக்க வேண்டும்.

நேரக் கணக்கு: பிறந்து ஆறு மாதம் வரை இரவும் பகலும் அடிக்கடி பால். ஆறு மாதத்திலிருந்து ஒரு வயது வரை அதிகபட்சம் 8 மணி நேரம். இரண்டாம் வருடத்தில் 10. இரண்டு வயதுக்கு மேல் 12. பல மருத்துவர்கள் பின்பற்றும் கணக்கு இது. உங்கள் டாக்டர் இதைவிடக் குறைவாகச் சொன்னால் அவர் சொல்வதே சரி. இது முழுக்க நலமாக இருக்கும் குழந்தைக்கு மட்டும். காய்ச்சல் வந்த ராத்திரிக்கு இந்தக் கணக்கு செல்லாது.

நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு கதை உண்டு. இதுவரை இந்தப் பக்கத்தில் எழுதியதில்லை. வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் வருடம், இரவுப் பணி. இரண்டு வயதுப் பையன், இரண்டு நாள் வாந்தி, மயக்கமாகக் கொண்டுவந்தார்கள். ரத்தச் சர்க்கரை 38. சிறுநீரில் கீட்டோன் பட்டையை நனைத்தேன். அவ்வளவு பட்டினி கிடந்த குழந்தைக்குப் பட்டை கருநீலச் சிவப்பாக மாற வேண்டும். என் கையில் இருந்தது லேசான ரோஜா நிறம், அதுவும் விளிம்பில்தான். எனக்குத் தோன்றியது என்ன தெரியுமா? 'பட்டை டப்பா மூடாமல் ஈரம் பட்டிருக்கும்.' புது டப்பா பிரித்தேன். அதே ரோஜா நிறம். பதிவேட்டில் "கீட்டோன்: சிறிதளவு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வார்டுக்கு ஒரு போன் செய்து, "டாக்டர், சர்க்கரை 38, கீட்டோன் ஏறவில்லை, இரண்டும் சேர்ந்து வரக் கூடாதே" என்று சொல்லவில்லை. குளுக்கோஸ் ஏற்றியதும் பையன் எழுந்து உட்கார்ந்துவிட்டான், வீட்டுக்கும் அனுப்பிவிட்டார்கள். நாலு மாதம் கழித்து அதே பையன், அதே மயக்கம். இந்த முறை பணியில் இருந்தவர் சிறுநீரை உறையவைத்து வேறு ஆய்வகத்துக்கு அனுப்பினார். ஹெக்ஸனாயில் கிளைசின், சூபரைல் கிளைசின் என்று எம்கேட்டின் அடையாளங்கள் வரிசையாக வந்தன. பையன் பிழைத்தான். அந்த முதல் ராத்திரி, டப்பாவைச் சந்தேகப்பட்டேனே தவிர நோயைச் சந்தேகப்படவில்லை.

அப்புறம், கீட்டோன் கொஞ்சம் இருக்கிறது என்பதாலும் எம்கேட் இல்லை என்று ஒதுக்க முடியாது. பட்டினிக்குத் தக்க அளவு இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

கேள்வி: என் பேரனின் அறிக்கையில் இரண்டு வரி: ஒன்று நீங்கள் சொன்ன 985. இன்னொன்று "சி.199டி>சி, பி.டைர்67ஹிஸ்". இது எந்த அளவு மோசம்?

பதில்: இந்த முறை கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். 66 × 3 = 198. அடுத்த எழுத்து 199, ஆகவே 67ஆவது அமினோ அமிலம். 67இல் முகவரிச் சீட்டு 25 போனால் 42. பழைய கட்டுரைகளில் இதை 'ஒய்42எச்' என்று பார்ப்பீர்கள். டைரோசின் இருந்த இடத்தில் ஹிஸ்டிடின்.

இது மென்மையான மாற்றம். என்சைம் ஓரளவு மடிகிறது, ஓரளவு வேலையும் செய்கிறது, சூடு கூடினால் தடுமாறுகிறது. பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் பரிசோதனை வந்த பிறகுதான் இது அடிக்கடி கண்ணில் பட ஆரம்பித்தது. அதற்கு முன்பு நோயாகி வந்தவர்களிடம் இது அநேகமாக இல்லை. அதிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம். ஆனாலும் 985உடன் சேர்ந்து வந்திருப்பதால், காய்ச்சல் கால எச்சரிக்கைகளை டாக்டர் தளர்த்தச் சொல்லும்வரை தளர்த்தாதீர்கள்.

இன்னொன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: இரண்டு மாற்றமும் வெவ்வேறு பிரதியில் இருக்கின்றனவா, ஒரே பிரதியிலா? ஒரே பிரதியில் இருந்தால் மற்றப் பிரதி நல்லது, பையன் குறையைச் சுமப்பவன் மட்டுமே, நோயாளி இல்லை. அப்பா அம்மா இருவரின் ரத்தத்தையும் பார்த்தால் தெரிந்துவிடும். அறிக்கையில் பெற்றோர் பரிசோதனை பற்றி ஒரு வரியும் இல்லாததால் சொல்கிறேன்.

கேள்வி: எங்கள் இரண்டு குடும்பத்திலும் யாருக்கும் இப்படி வந்ததில்லை. "உன் பக்கத்திலிருந்துதான் வந்திருக்கும்" என்று மாமியார் சொல்கிறார். உண்மையா?

பதில்: பாதி உண்மை. மீதிப் பாதி அவர் பிள்ளையின் பக்கத்திலிருந்து வந்தது. இரண்டு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு குறைப் பிரதி வந்தால்தான் இந்த நோய். பத்திரிகையின் இந்தப் பகுதியை அவர் கண்ணில் படும்படி மேசையில் வைத்துவிடுங்கள்.

ஒரு பிரதி மட்டும் குறையுள்ளவர்கள் முழு ஆரோக்கியமாக இருப்பார்கள்; பாதி என்சைமே தாராளம். அதனால்தான் தலைமுறை தலைமுறையாகத் தெரியாமல் வருகிறது. உங்களுக்கு அடுத்து பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. மூத்த பிள்ளை நன்றாக ஓடியாடுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அவனுக்கும் பரிசோதனை செய்யுங்கள். நீண்ட பட்டினி இதுவரை வாய்க்காததாலேயே நோய் வெளியே தெரியாமல் வளர்ந்த பிள்ளைகள் உண்டு.

985 மாற்றம் வடமேற்கு ஐரோப்பாவில் யாரோ ஒரு முன்னோரிடம் தோன்றிப் பரவியது என்பதற்கு மரபணுச் சான்று இருக்கிறது. அந்த வம்சாவளியில் நோயாகி வந்த குழந்தைகளில் சுமார் 80 சதவீதம் பேருக்கு இரண்டு பிரதியிலும் இதேதான். ஜப்பானியர்களிடம் இது இல்லை என்றே சொல்லலாம். அங்கே அதிகம் காண்பது நான்கு எழுத்து விடுபட்ட வேறொரு மாற்றம். ஆகவே 985 ஒன்றை மட்டும் தேடிப் பார்த்துவிட்டு "இல்லை" என்று சொல்லும் பரிசோதனையை நம்பி உட்காரக் கூடாது. முழு மரபணுவையும் படிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எடை கூடுவதற்கு எம்சிடி எண்ணெய் நல்லது என்கிறார்களே, கொடுக்கலாமா? கார்னிடின்? தாய்ப்பால்?

பதில்: எம்சிடி எண்ணெய் கூடவே கூடாது. பெயரிலேயே இருக்கிறது, நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு. எந்த இடத்தில் அடைப்போ அதே இடத்தில் கொண்டுபோய்க் கொட்டுவது. சில குழந்தைப் பால்பொடிகளிலும் சேர்க்கிறார்கள், டப்பாவின் பின்பக்கம் படியுங்கள். கார்னிடின் பற்றி மருத்துவர்களிடையே ஒத்த கருத்து இல்லை. ரத்தத்தில் குறைந்தால் கொடுப்பவர்கள் உண்டு, நீங்களாகக் கொடுக்க வேண்டாம். தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். பிறந்த முதல் மூன்று நாள், பால் சரியாக ஊறும் வரை குழந்தைக்குப் போதுமான அளவு கிடைக்கிறதா என்று மட்டும் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்க வேண்டும். பரிசோதனை முடிவு வருவதற்கு முன்பே குழந்தைகள் போய்விடுவது அந்த நாட்களில்தான்.

கேள்வி: எனக்கு வயது 34. தங்கை குழந்தைக்குக் கண்டுபிடித்த பிறகு குடும்பத்தில் எல்லாரும் பரிசோதித்ததில் எனக்கும் இருப்பது தெரிந்தது. இதுவரை ஒன்றும் ஆனதில்லை. இனி ஆகுமா?

பதில்: ஆகாமலே போகலாம். ஆனால் மூன்று இடத்தில் கவனம். வெறும் வயிற்றில் மது. அது கல்லீரல் புதிய குளுக்கோஸ் செய்வதையும் தடுத்துவிடும், இரட்டை அடி. எடை குறைக்க நாள்கணக்கில் பட்டினி, கீட்டோ உணவுமுறை. இரண்டும் உங்களுக்கு இல்லை. மூன்றாவது, அறுவை சிகிச்சைக்கு முன் "ராத்திரியிலிருந்து ஒன்றும் சாப்பிடாதீர்கள்" என்பார்கள். மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி, அந்த நேரம் முழுக்கக் குளுக்கோஸ் ஏற்ற ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

முதல் கடிதம் எழுதிய தாய்க்கு: உங்கள் அறிக்கையின் அசலைப் பதிவுத் தபாலில் திருப்பி அனுப்பிவிட்டேன். இனிமேல் நகல் மட்டும் அனுப்புங்கள். 329க்குப் பக்கத்தில் பென்சிலில் 304 என்று சின்னதாக எழுதியிருக்கிறேன். அழிக்க வேண்டாம், அவசரத்துக்குப் பார்க்கும் டாக்டர் எந்த எண்ணைத் தேடினாலும் கிடைக்கட்டும்.